கெடாத மானிட்டர்

வருவேனா, மாட்டேனா என்று காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மழை, கலைவாணி ஆட்டோவிலிருந்து இறங்கிய அந்த நொடியில்தானா கொட்ட வேண்டும்?

குடை பையில் இருந்தது. ஆனால் பிடிக்கக் கை இல்லை. இரண்டு கைகளாலும் அவள் ஒரு மானிட்டரை அணைத்துக்கொண்டிருந்தாள். பூப்போட்ட பழைய பெட்ஷீட்டில் சுற்றிய மானிட்டர். முதுகில் லேப்டாப் பை. வேலப்பன்சாவடி சர்வீஸ் ரோட்டில் கல்லூரிப் பேருந்துகள் தெறித்த சேற்றையெல்லாம் துப்பட்டாவில் வாங்கிக்கொண்டு, 'ஜே.ஏ. கம்ப்யூட்டர்ஸ்' என்ற பலகைக்குக் கீழே போய் நின்றாள்.

"கடைல யாருங்க?"

மேஜைக்கு அடியில், ஒயர்க் குவியலுக்கு நடுவே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"தோ... வந்துட்டேன்..."

டங்! மேஜையில் தலை இடித்தது. அதைத் தேய்த்துக்கொண்டே ஒருவன் எழுந்தான். ஆட்டோவில் வரும்போதே வரிசையாகக் கோத்து வைத்திருந்த வசவுகளில் முதல் வார்த்தை அவளுக்கு மறந்துபோனது. அவ்வளவு பெரிய கண்கள்... தூங்கி எழுந்த குழந்தையின் கண்கள் மாதிரி. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா ஊரை ஏமாற்றுகிறான்?

"இன்னா மேடம், இப்டி நனைஞ்சிகினு... மொதல்ல உக்காருங்க."

"உக்கார வரல. போன ஞாயித்துக்கிழமை எங்கப்பா இங்கதான் இந்தப் பழைய மானிட்டர வாங்கிட்டு வந்தாரு. செத்துப்போனத அவர் தலைல கட்டிட்டீங்க. ஆவடி டேங்க் ஃபேக்டரில வேலை பாக்கற மனுஷன், கம்ப்யூட்டர் தெரியாதுங்கறதுக்காக இப்படியா?"

அவன் பெட்ஷீட்டைப் பிரித்தான். அவள் தலையில் சொட்டும் தண்ணீரைப் பார்த்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினான். பிறகு மானிட்டரைத் தன் கணினியில் சொருகினான்.

பளிச்சென்று படம் வந்தது.

"மேடம்... உசுரோட கீது."

கலைவாணிக்குக் காது வரை சூடேறியது. "எங்க வீட்ல வரலியே... நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"பொய்னு யாரு சொன்னா? லேப்டாப்ப எடுங்க, பாக்கலாம்."

ஆதாரம் காட்டிச் சண்டை போடுவதற்காகத்தான் லேப்டாப்பையும் தூக்கி வந்திருந்தாள். திறந்தாள். அவள் வேலை, மருத்துவமனைக் குறிப்புகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் பதிவது. வீட்டிலிருந்தேதான் வேலை. அதற்கென்று கம்பெனி ஒரு விர்ச்சுவல் மெஷின் கொடுத்திருந்தது. அதாவது, அவள் லேப்டாப்புக்குள்ளேயே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர். ஒரு திரையில் குறிப்பு, இன்னொரு திரையில் குறியீடு என்று இருந்தால்தான் வேகம் வரும். ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்த்ததில் அவள் பெயர் கம்பெனியின் வேகப் பட்டியலில் அடிக்குப் போயிருந்தது. அடுத்த மாதத்திலிருந்து இரண்டு திரை இல்லாதவர்கள் ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆபீஸ் இருப்பதோ பழைய மகாபலிபுரம் சாலையின் கோடியில். ஆவடியிலிருந்து போய் வருவதற்குள் பொழுதே முடிந்துவிடும்.

"வெளிய ரெண்டு ஸ்கிரீனும் வருது பாருங்க," என்றான் அவன், மானிட்டரை அவள் லேப்டாப்பில் மாட்டிவிட்டு. "உள்ள ஓடுற மெஷின்லதான் ஒண்ணோட நின்னுடுது. உங்க லேப்டாப் ஒரு ஊடுன்னு வெச்சிக்கோங்க. கம்பெனிக்காரன் அதுல ஒரு போர்ஷன்ல வாடகைக்குக் கீறான். ஊட்டுக்கு நீங்க எத்தினி ஜன்னல் வெச்சாலும், அந்த போர்ஷனுக்கு ஒரு ஜன்னல்னு எழுதி வெச்சிட்டா அவனுக்கு ஒண்ணுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "சரி... இன்னொரு ஜன்னல் வைங்க."

உள்ளே ஓடிய மெஷினை முழுதாக நிறுத்தச் சொன்னான். செட்டிங்ஸுக்குள் போய், மானிட்டர் எண்ணிக்கை ஒன்று என்று இருந்ததை இரண்டாக்கினான். திரும்ப ஓடவிட்டதும் இரண்டாவது திரை திறந்தது... ஆனால் கன்னங்கரேலென்று. ஏதோ காட்டுவதற்காக அவள் மவுஸைத் தொட, அதே நேரம் அவனும் தொட, இரண்டு பேரும் சுட்டுக்கொண்டது போலக் கையை இழுத்துக்கொண்டார்கள். வெளியே மழை தகரக் கூரையில் தாளம் போட்டது. இன்னும் கொஞ்ச நேரம் பெய்யட்டுமே என்று கலைவாணி நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

அப்போதுதான் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியபடி ஒருத்தி உள்ளே வந்தாள். நனைந்த ஜீன்ஸ், வெட்டிவிட்ட கூந்தல், கடை முழுவதும் நிறையும் ஒரு சிரிப்பு. அவன் தோளுக்கு மேலாக எட்டித் திரையைப் பார்த்தாள்.

"டேய், மெமரி?"

"தோ..." என்றான் அவன். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் விரல் அங்கே போயிருந்தது. திரைக்கென்று ஒதுக்கியிருந்த மெமரியை உயர்த்தினான். கறுப்பு விலகி, இரண்டாவது திரை ஒளிர்ந்தது.

"ஹாய் சிஸ்டர், நான் ஆக்னஸ். ஜே அவன், ஏ நானு." பெயர்ப்பலகையைக் கைகாட்டிவிட்டு அவள் பாட்டுக்கு உள்ளே போனாள்.

ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். கலைவாணி லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். இவள் யார் எனக்கு? இவன்தான் யார் எனக்கு? வந்த வேலை முடிந்தது... போகவேண்டியதுதானே?

"சந்தேகம் வந்தா இந்த நம்பர்ல கேளுங்க மேடம்," என்றான் ஜெகன்.

மழையும் நின்றுவிட்டது. பாவி மழை.

ஆவடி குவார்ட்டர்ஸில், ஜன்னலோரத்து மேஜையில், இரண்டு திரைகளும் அக்கா தங்கை போல ஜோடியாக உட்கார்ந்தன. வேலை ஓடியது. பட்டியலில் அவள் பெயர் மேலே ஏறியது. ஆனால் மனசு மட்டும் வேலப்பன்சாவடியில் மேஜைக்கு அடியில் கிடந்தது.

சந்தேகம் கேட்கச் சொன்னானே... கேட்டாள்.

'வலது பக்கம் போனா மவுஸ் இடது ஸ்கிரீன்ல வருது.'

உடனே பதில் வந்தது. 'ஆக்னஸ் சொல்லுது, டிஸ்பிளே செட்டிங்ல ரெண்டு கட்டத்தையும் இடம் மாத்தி வெக்கணும்.'

'ஒரு ஸ்கிரீன்ல எழுத்து பெருசு, ஒண்ணுல சின்னது.'

'ஆக்னஸ் சொல்லுது, ஸ்கேல் ரெண்டுலயும் ஒரே அளவு வெச்சிப் பாருங்க.'

ஆக்னஸ் சொல்லுது... ஆக்னஸ் சொல்லுது! 'ஆக்னஸ் சொல்லாம நீங்களா எதாவது சொல்வீங்களா?' என்று தட்டினாள். அனுப்பும் முன் அழித்தாள். வாட்ஸ்அப்பில் அவன் வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஏதோ ஒரு கல்லூரி லேபின் வாசல். பக்கத்தில் ஆக்னஸ். ஜெகன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணை மூடிச் சிரிக்கிற அளவுக்கு அவள் அப்படி என்ன சொல்லியிருப்பாள்?

நாள் முழுக்க ஒரே கடை. ஒரே டீ. ஒரு வார்த்தையில் முடிகிற பேச்சு. எனக்கு மட்டும் 'மேடம்'!

ஒரு சாயங்காலம், வேலை முடிந்த பிறகு, யாரோ தள்ளிவிட்டது போல அவள் விரல் செட்டிங்ஸுக்குள் போனது. இரண்டு என்று இருந்ததை ஒன்றாக்கியது. மெமரியை அடிமட்டத்துக்கு இறக்கியது. திருடிய மாதிரி இருந்தது... இனித்தது. போனை எடுத்து அவனை அழைத்தாள்.

"ஜெகன்... திரும்பப் போயிடுச்சுங்க. மெசேஜ்ல சொல்லிப் பிரயோஜனமில்ல. நேர்ல வந்தாதான்..."

"நாளைக்குக் காலைல வந்துடறேன் மேடம்," என்றான். குரலில் ஒரு சந்தோஷம் தெரிந்த மாதிரி இருந்தது. தெரிந்ததா, இவளே நினைத்துக்கொண்டாளா?

மறுநாள் பச்சைச் சுடிதார். கண்ணுக்கு மை. "ரிப்பேர்க்காரர் வர்றதுக்கு எதுக்குட்டி இவ்வளவு அலங்காரம்?" என்றாள் அம்மா கஸ்தூரி, உளுந்து வடைக்கு மாவை அரைத்துக்கொண்டே. தென்காசிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து எத்தனையோ வருடங்கள் ஆகியும் அம்மாவின் பேச்சு மாறவில்லை. கண்ணின் கூர்மையும்தான்.

காலிங் பெல் அடித்தது. ஓடிப்போய்த் திறந்தாள்.

ஆக்னஸ் நின்றாள்.

"ஹாய் சிஸ்டர்! வாசனை தெருமுனைலயே தூக்குது. வடையா?"

கலைவாணியின் முகத்தில் இருந்த வெளிச்சமெல்லாம் யாரோ ஊதி அணைத்தது போலானது. அம்மாவுக்கோ வந்தவளை அரை நிமிஷத்தில் பிடித்துவிட்டது. "எவ்வளவு லட்சணமான பிள்ள! இவளும் இருக்காளே, ஒரு வடையச் சாப்பிடச் சொன்னா மூஞ்சியத் திருப்புவா..." என்று தட்டை நிறைத்தாள். அம்மாவையும் எடுத்துக்கொண்டாளா? கலைவாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆக்னஸ் வடையைக் கடித்தபடியே செட்டிங்ஸைத் திறந்தாள். பார்த்தாள். மெல்வதை நிறுத்தினாள். அம்மா சட்னி எடுக்க அடுக்களைக்குப் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"சிஸ்டர், கேபிள் லூஸ் ஆவும். மெஷின் ஹேங் ஆவும். ஆனா ரெண்டு தானா ஒண்ணாவாது. யாரோ கைய வெச்சுதான் குறைச்சிருக்காங்க."

கலைவாணி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவமானம் தாங்காமல், கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டாள்.

"உங்களுக்கும் அவருக்கும் என்ன?"

ஆக்னஸ் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டாள்.

"காலேஜ் முடிக்கறப்ப அவன் என்னைக் கேட்டான். நான் வேணாம்னேன். எனக்கு அவன் ஃபிரண்டு, அவ்ளோதான். கொஞ்ச நாள் மூஞ்சத் தூக்கிகினு திரிஞ்சான். அப்புறம் சரியாய்ட்டான். சேந்து கடை போட்டோம். நாளைக்கு வேற எவனாவது சொல்லி உங்களுக்குத் தெரியறதுக்கு நானே சொல்லிடலாம்னுதான்..."

மெஷினை ஓடவிட்டாள். இரண்டு திரையும் வந்தன.

"இன்னொண்ணு. இன்னிக்கு அவன்தான் வரணும். காலேஜ்ல லேப் மொத்தமும் படுத்துடுச்சு, நாளைக்குப் பரீட்சை. 'நீ போவாத, சாயங்காலம் நானே போய்க்கிறேன்'னு கெஞ்சினான். உங்க வேலை நிக்குமேன்னு நான்தான் ஓடியாந்தேன். தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன், கர்த்தர் மேல சத்தியமா."

அவள் போனபிறகு கலைவாணி கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கெஞ்சினானாம்... அந்த வார்த்தை தேன். வேணாம்னேன்... அந்த வார்த்தை மிளகாய். ஒருத்தி வேண்டாமென்று எழுந்துபோன நாற்காலியில் நான் போய் உட்காரணுமா? முதலில் அவள், அப்புறம் நானா? நான் என்ன அவனுடைய ரெண்டாவது மானிட்டரா?

சாயங்காலம் ஜெகன் அழைத்தான். "மேடம், சரியாயிடுச்சா? நானே வரணும்னுதான்..."

"சரியாயிடுச்சு. இனிமே எதாவது ஆனா வேற ஆளப் பாத்துக்கறேன். நீங்க சிரமப்படாதீங்க."

"நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"ஒண்ணுமில்ல."

வைத்துவிட்டாள். அவன் திரும்ப அழைத்தான். அவள் எடுக்கவில்லை. பிறகு அவன் அழைக்கவில்லை. எடுக்காததும் அவள்தான். அழைக்கவில்லையே என்று போனையே பார்த்துக்கொண்டிருந்ததும் அவள்தான்.

அடுத்த சனிக்கிழமை காலை, நிஜமாகவே கெட்டது.

கம்பெனி அந்த மெஷினுக்கு ஏதோ அப்டேட் அனுப்பியிருந்தது. திறந்தால் இரண்டாவது திரை கறுப்பு. எண்ணிக்கை இரண்டு என்றுதான் இருந்தது. மெமரியும் குறையவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினாள். ஊஹூம்... அன்றைக்குள் முடிக்க வேண்டிய குறிப்புகள் குவிந்து கிடந்தன.

"அந்த ஆக்னஸ் பிள்ளையக் கூப்பிடேம்ட்டி," என்றாள் அம்மா.

"வேண்டாம்!"

"அப்ப அந்தப் பையனக் கூப்பிடு."

"அதுவும் வேண்டாம்மா..."

அவளே உட்கார்ந்தாள். வாடகைக்காரன், போர்ஷன், ஜன்னல்... அவன் சொன்னதை நினைத்துப் பார்த்தாள். ஜன்னல் இருக்கிறது. ஆனால் ஜன்னல் இருப்பது உள்ளே இருப்பவனுக்குத் தெரியவில்லை. யார் சொல்வது அவனுக்கு? இணையத்தில் தேடினாள். வெளியில் உள்ள கம்ப்யூட்டருக்கும் உள்ளே ஓடும் கம்ப்யூட்டருக்கும் நடுவே தூது போவதற்கென்று ஒரு சின்ன மென்பொருள் உண்டாம். உள்ளே அப்டேட் ஆனால் சில சமயம் அது பழசாகி ஊமையாகிவிடுமாம். அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். போட்டாள். தப்பாகப் போட்டாள். மறுபடி போட்டாள். நிறுத்தி ஓடவிட்டாள்.

இரண்டாவது திரை விழித்துக்கொண்டது.

"அம்மா! வந்துடுச்சு!" என்று கத்தினாள். கத்தியபோதே கை போனை எடுத்துவிட்டது. விரல் அவன் பெயருக்கு மேல் போய் நின்றது.

எதற்கு? இப்போதுதான் எல்லாம் சரியாகிவிட்டதே... கேட்க ஒன்றுமில்லையே...

கேட்க ஒன்றுமில்லை. சொல்லத்தான் இருந்தது. இதை அவனிடம் சொல்லாவிட்டால் இந்தச் சந்தோஷத்துக்கு உப்பில்லை என்று தோன்றியது. அவளுக்கும் கல்லூரி முதல் வருடத்தில் ஒருத்தனைப் பார்த்து மனசு அடித்துக்கொண்டதுண்டு. அவன் பெயர்கூட இப்போது யோசித்தால்தான் வருகிறது. அப்படியானால் ஜெகன் எனக்கு இரண்டாவதா? சீ... அந்தக் கணக்கே அபத்தமாகப் பட்டது.

குவிந்து கிடந்த வேலையை முடித்துவிட்டு அழைத்தாள்.

"சொல்லுங்க மேடம்." குரல் தள்ளி நின்றது. "இன்னா ப்ராப்ளம்?"

"ஒரு ப்ராப்ளமும் இல்ல."

"ரெண்டாவது ஸ்கிரீன்?"

"நல்லா இருக்கு."

"மவுஸ்?"

"ஒண்ணுமே கெடல ஜெகன். சும்மாதான் கூப்பிட்டேன்."

தள்ளி நின்ற குரல் கிட்டே வந்தது. "நான் அயனம்பாக்கத்துல ஊட்டாண்ட கீறேன். ஏரிக்கரைக்கு வர்றீங்களா... இல்ல, நான் ஆவடி வரட்டா?"

"நானே வரேன்."

சாயங்கால ஏரி வெள்ளித் தட்டு மாதிரி விரிந்து கிடந்தது. தூறல் ஒரு யோசனையோடு விழுந்துகொண்டிருந்தது. கரையில் நடக்க வந்தவர்கள் வேகமாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜெகன் குடையோடு நின்றான். அவள் ஸ்கூட்டியை நிறுத்தியதும் குடையை அவள் பக்கம் நீட்டினான். அவன் மட்டும் வெளியே நின்று நனைந்தான்.

"ஆக்னஸ் உங்ககிட்ட என்ன சொன்னாங்க?" என்றாள், ஏரியைப் பார்த்துக்கொண்டு.

"அன்னிக்கா? 'லூஸ் கனெக்ஷன், சரி பண்ணிட்டேன்'னுச்சு."

காட்டிக்கொடுக்கவில்லை அவள். அந்த நல்ல மனசின் மேலும் கலைவாணிக்கு ஒரு கணம் பொறாமை வந்தது.

"லூஸ் கனெக்ஷன் இல்ல. நான்தான் கெடுத்து வச்சேன்."

"இன்னாது?"

"ரெண்ட ஒண்ணாக்கினேன். நீங்க வருவீங்கன்னு. அவங்க வந்து நின்னாங்க. எங்கம்மாகூட அவங்களுக்குதான் வடைய அள்ளி அள்ளி வச்சாங்க. எனக்கு... எரிஞ்சுதுங்க. நீங்க அவங்களக் கேட்டீங்கன்னு தெரிஞ்சப்ப இன்னும் எரிஞ்சுது." குரல் உடைந்தது. "இப்ப சிரிச்சீங்கன்னா இந்த ஏரில தள்ளிடுவேன்."

அவன் சிரிக்கவில்லை. அந்தப் பெரிய கண்கள் ஈரமாகிப் பளபளத்தன. தூறலா, வேறா?

"ஆக்னஸ் வேணாம்னப்ப அழுதேன். உன்னாண்ட பொய் சொல்லமாட்டேன்." மேடம் எங்கோ காணாமல் போயிருந்தாள். "ஆனா இப்ப அது கூடதான் நாளெல்லாம் உக்காந்து வேலை செய்றேன். சாயங்காலம் ஷட்டர இறக்கினா அத்தோட சரி, ஊட்டுக்கு வந்துடுவேன். அன்னிக்கு நீ போன வெச்சப்புறம்... ஷட்டர இறக்கினாலும் போவல. சாப்புட உக்காந்தாலும் போவல. கண்ண மூடினா மானிட்டர பெட்ஷீட்ல சுத்திகினு வந்து நிக்கறே."

கலைவாணி முகத்தை மூடிக்கொண்டாள்.

"எனக்கு உன்னப் புடிச்சிருக்கு கலை. இத ஆக்னஸ் சொல்லல. நானே சொல்றேன்."

விரல்களின் இடுக்கு வழியாக அவள் சிரித்தாள். "எனக்கும்..." என்றாள்.

"ஒண்ணு மட்டும்," என்றான் அவன். "நாளைக்கும் நான் அது கூடதான் கடைல இருப்பேன். அது என் ஃபிரண்டு. அதுல மாத்தம் கெடயாது."

"தெரியும். அவங்க நல்லவங்க. ஆனா எனக்குப் பொறாமை வரும். வராதுன்னு சொன்னா பொய்."

"வரட்டும். வந்தா எதயும் கெடுத்து வெக்காத. வாயத் தொறந்து, 'ஜெகா, எரியுது'ன்னு சொல்லு. ஓடியாந்துடறேன்."

தூறல் வலுத்தது. ஏரி முழுவதும் புள்ளி வைத்துக் கோலம் போடத் தொடங்கியது மழை.

"இப்பவே கொஞ்சம் எரியுது," என்றாள்.

"இப்பவா? நான் இங்கதான கீறேன்?"

"அவ்ளோ தூரத்துல ஏன் நிக்கறீங்க? குடைக்குள்ள வாங்க."